பழைய ஆம்ப்ளிஃபயரைப் பாட வைப்பது: வாங்குவதிலிருந்து சொந்தமாகக் கட்டுவது வரை

கொங்குப் பக்கம் பழைய ஆடியோ செட் மூன்று வழியில் கைக்கு வரும். ஒன்று, வீட்டுப் பரண். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ மாமா கொண்டுவந்த செட் துணி சுற்றிக் கிடக்கும். இரண்டு, கோவை உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகள். மூன்று, டிஜிட்டல் மிக்சருக்கும் புதுப் பெட்டிகளுக்கும் மாறிவிட்டு, பழையதைக் குடோனில் போட்டுவைத்திருக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள். எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நல்லா பாடிட்டிருந்துச்சுங்க, பியூஸ் மட்டுந்தான் போயிருக்குதுங்க."

பியூஸ் சும்மா போகாது. அதற்கு முன்னால் ஏதோ ஒன்று போயிருக்கும். அதனால் வாங்கி வந்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். பழைய செட்டுகள் பலவற்றின் சாவு அந்த முதல் சுவிட்சில்தான் நடக்கிறது.

முதல் செட்டாக எதை எடுப்பது

1975-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட, சேனலுக்கு 15 முதல் 40 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேடுங்கள். சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ் போன்ற உள்ளூர்த் தயாரிப்பாக இருக்கலாம்; சான்சுயி, பயனியர், அகாய் போன்ற வெளிநாட்டுச் சரக்காகவும் இருக்கலாம். பெயரைவிட அவுட்புட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். மூடியின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டில்) தனித்தனி டிரான்சிஸ்டர்கள் இருந்தால் எடுக்கலாம். 2என் 3055, எம்ஜே 2955 மாதிரி ஆட்களுக்கு இன்றைக்கும் மாற்று கிடைக்கிறது. அதே இடத்தில் நீளமான ஒற்றைக் கறுப்புக் கட்டி, பத்துப் பதினைந்து கால்களோடு, எஸ்டிகே என்று தொடங்கும் எண்ணோடு இருந்தால் முதல் செட்டாக வேண்டாம். அசல் எஸ்டிகே ஐசிகளின் தயாரிப்பு எப்போதோ நின்றுபோனது. கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி போலி. அது வேலை செய்துகொண்டிருக்கும்வரை அருமையான செட், போய்விட்டால் தலைவலி.

வால்வு ரேடியோவும் இப்போதைக்கு வேண்டாம். உள்ளே 250 வோல்ட் டிசி ஓடும். யூ என்ற எழுத்தில் தொடங்கும் வால்வுகள் போட்ட ஏசி-டிசி ரேடியோக்களில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. இரும்புச் சட்டமே நேராக மெயின்ஸ் லைனோடு சேர்ந்திருக்கும். அதில் போன் ஒயரைக் கோப்பது உயிரோடு விளையாடுவது.

சவுண்ட் சர்வீஸிலிருந்து வரும் அகுஜா மாதிரி ஆம்ப்ளிஃபயர்கள் மலிவாகக் கிடைக்கும், மாடு மாதிரி உழைக்கும். ஆனால் பெரும்பாலும் மோனோ. பின்னால் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் லைன் முனைகளும் இருக்கும். ஹார்ன் ஸ்பீக்கர்களை நீளமான ஒயரில் வரிசையாக மாட்டுவதற்கான முனைகள் அவை. வீட்டு ஸ்பீக்கரை 100 வோல்ட் முனையில் மாட்டினால் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) அன்றைக்கே கருகும்.

வெளிநாட்டுச் செட்டில் பின்பக்க வோல்டேஜ் சுவிட்சைப் பாருங்கள். 110 – 220 என்று மாற்றும் வசதி இருந்தால் 220 அல்லது 240-ல் நிற்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த செட்டுகள் 100 வோல்ட் மட்டும் ஏற்பவை. நேரடியாக நம் பிளக்கில் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். அந்தச் செட்டுகளின் எஃப்எம் பட்டையும் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ்தான். கோவையின் தனியார் எஃப்எம் நிலையங்கள் எல்லாம் 91-க்கு மேலே இருப்பதால் ஒன்றுகூடக் கிடைக்காது.

கடையில் நிற்கும்போதே செய்ய வேண்டிய சோதனைகள் கொஞ்சம்தான். மூக்கை வைத்து முகருங்கள்: வெந்த வார்னிஷ் வாடை வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கலாம். ஸ்குரூ தலைகளைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் ஏற்கெனவே பலர் கைவைத்த செட். பிறகு மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து, செட்டின் சுவிட்சைப் போட்ட நிலையில், பிளக்கின் இரண்டு முள்ளுக்கும் நடுவே அளங்கள். இந்த அளவு ஆம்ப்ளிஃபயருக்கு ஏறக்குறைய 10 முதல் 60 ஓம் காட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (மெயின்ஸ் பக்கச் சுருள்) உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் பியூஸ், சுவிட்ச், பிரைமரி மூன்றில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. விலை பேச இது நல்ல ஆயுதம்: "ஓப்பன் காட்டுதுங்ணா, பாத்துப் போட்டுக் குடுங்க."

கருவிகள்

சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர் போதும். 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்ப் அல்லது செம்பு விக், நல்ல முனையுள்ள நட்சத்திர ஸ்குரூ டிரைவர், ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், எலெக்ட்ரானிக்ஸுக்கென்று விற்கும் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, கிளிப் ஒயர்கள் சில, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு ஸ்பிரேயை வால்யூம் கண்ட்ரோலுக்குள் அடிக்க வேண்டாம். அன்றைக்குச் சத்தம் நின்றுவிடும். பிறகு அந்த எண்ணெயில் தூசி ஒட்டிச் சேறாகும்.

எல்லாவற்றுக்கும் மேலே, சீரிஸ் பல்பு. ஊர் எலெக்ட்ரீஷியன் எல்லோரிடமும் இது இருக்கும். ஒரு பலகையில் பல்பு ஹோல்டர், சுவிட்ச், மூன்று முள் சாக்கெட். வீட்டிலிருந்து வரும் பேஸ் ஒயர் சுவிட்ச் வழியாகப் பல்புக்குள் போய், பல்பின் மறுமுனையிலிருந்து சாக்கெட்டுக்கு வர வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகச் சாக்கெட்டுக்கு. பல்பு கட்டாயம் இழை எரியும் குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது, ஏனென்றால் இழையின் குணத்தில்தான் வேலையே நடக்கிறது. 100 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது சுமார் 40 ஓம்தான். முழுதாக எரியும்போது 530 ஓமை ஒட்டிப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, கரண்டைத் தானே பிடித்து நிறுத்திவிடும். செட் கருகாது.

குண்டு பல்பு எலெக்ட்ரிக்கல் கடையில் இல்லை என்பார்கள். பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வாங்குவதால் அங்கே 60, 100 வாட் பல்புகள் வைத்திருப்பார்கள். இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் கொடுப்பதற்கு முன்

மூடியைக் கழற்றுங்கள். திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கத்துச் செட் என்றால் உள்ளே பஞ்சுத் தூசி மெத்தை போட்டிருக்கும். வெளித்திண்ணையில் வைத்துப் பிரஷ்ஷால் தட்டி, புளோயரைத் தூரத்தில் பிடித்து ஊதுங்கள். ஈரத்துணி வேண்டாம். செத்த பல்லி இருந்தால் அது கிடந்த இடத்தைச் சுற்றி ஆல்கஹாலால் நன்றாகத் துடைக்க வேண்டும். அந்த எச்சம் செம்புத் தடத்தை அரித்துவிடும். பியூஸ் போனதற்கான காரணமே சில சமயம் அந்தப் பல்லியாக இருக்கும்.

பிறகு கண்ணால் ஒரு சுற்று. பெரிய ஃபில்டர் கண்டென்சர்களின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பிசுபிசுப்பு இருக்கிறதா? பழைய கண்டென்சர்களை போர்டோடு ஒட்டவைத்த பழுப்புப் பசையைக் கசிவென்று நினைத்துவிட வேண்டாம், அது வேறு. ஆனால் அந்தப் பசையும் வெகுகாலச் சூட்டில் கறுத்துப்போனால் மெலிதாகக் கரண்ட் கடத்தும், கால்களை அரிக்கும். கறுத்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். கருகிய ரெசிஸ்டர், யாரோ போட்ட பியூஸுக்குப் பதிலான செம்புக் கம்பி, இரண்டும் தெரிந்தால் கதை புரிந்துவிடும். அப்படிக் கம்பி போட்ட செட்டில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பவர் சுவிட்சின் குறுக்கே சின்னக் கண்டென்சர் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 0.01 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்). அதன் உறையில் வெடிப்பு இருந்தால் தயங்காமல், மெயின்ஸுக்கென்றே செய்த எக்ஸ்2 வகையில் புதிது போடுங்கள். மெயின்ஸ் நேராகப் பாயும் இடம் அது.

கடைசியாக, பிளக்கின் ஒவ்வொரு முள்ளுக்கும் (எர்த் முள் இருந்தால் அதை விட்டுவிட்டு) செட்டின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே மல்டிமீட்டரின் மிக உயர்ந்த ஓம் ரேஞ்சில் அளங்கள். ஒன்றும் காட்டக் கூடாது. சில நூறு கிலோ ஓம் காட்டினாலே காப்பு கெட்டிருக்கிறது என்று பொருள், கரண்ட் கொடுக்காதீர்கள்.

முதல் சுவிட்ச்

1. ஸ்பீக்கர் எதையும் மாட்டாதீர்கள். வால்யூம் பூஜ்யம். சரியான அளவு பியூஸ் போட்டு, செட்டை 60 வாட் சீரிஸ் பல்பு வழியாகச் சொருகுங்கள்.

2. சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு, பிறகு மங்கி, இழை மட்டும் சிவந்து நிற்க வேண்டும். அந்த முதல் வெளிச்சம் கண்டென்சர்கள் நிரம்புவது.

3. பல்பு மங்காமல் முழுசாக எரிந்தால் உடனே அணையுங்கள். ரெக்டிஃபயர் டயோடு, அவுட்புட் டிரான்சிஸ்டர், ஃபில்டர் கண்டென்சர் என்ற வரிசையில் ஷார்ட் பாருங்கள். டிரான்சிஸ்டரை டயோடு ரேஞ்சில் அளக்கும்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அது போய்விட்டது. ஒன்று போயிருந்தால் அதன் ஜோடியையும் சேர்த்து மாற்றுங்கள். எமிட்டரில் இருக்கும் 0.22 அல்லது 0.47 ஓம் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. கையை உள்ளே விடும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சர்களை 100 ஓம் ரெசிஸ்டரால் வடியுங்கள். 10,000 எம்எஃப்டி கண்டென்சர் வடிய ஐந்து விநாடி போதும். பிளஸ், மைனஸ் என இரண்டு சப்ளை இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வடிக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது கண்டென்சருக்கும் கண்ணுக்கும் கெடுதல்.

5. பல்பு மங்கி நின்றால், ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்டேஜ் அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100 வரை பொறுத்துக்கொள்ளலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் அந்தச் சேனலில் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. மாட்டினால் கோன் (ஸ்பீக்கரின் முன்பக்கக் கூம்பு) ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்று, காயில் வேகும்.

6. இரண்டு சேனலும் சரி என்றால் 100 வாட் பல்புக்கு மாறி, அரை மணி நேரம் ஓடவிட்டு, ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தச் சேனலின் பயாஸ் (பாடாமல் சும்மா இருக்கும்போது டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்டின் அளவு) தப்பியிருக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன டிரிம்மரைச் சர்வீஸ் மேனுவல் இல்லாமல் திருப்பாதீர்கள். கால் சுற்றில் டிரான்சிஸ்டர் காலியாகிவிடும்.

7. பிறகுதான் நேரடிக் கரண்ட். டிசி-யை இன்னொரு முறை அளந்துவிட்டு, போனால் வருத்தப்படாத பழைய ஸ்பீக்கர் ஒன்றில் கேளுங்கள்.

சீரிஸ் பல்பில் இருக்கும்போது சில செட்டுகளில் ஸ்பீக்கர் ரிலே "டக்" என்று விழாது. வோல்டேஜ் பற்றாததால் அப்படி, கோளாறு இல்லை. நேரடிக் கரண்டில் மூன்று முதல் ஐந்து விநாடியில் விழ வேண்டும். அங்கேயும் விழாவிட்டால் பாதுகாப்புச் சுற்று எங்கோ டிசி-யைப் பார்க்கிறது. ரிலேயைக் கம்பி போட்டுத் தாண்டிவிடும் வைத்தியம் ஸ்பீக்கரைக் காவு கொடுக்கும்.

பாடவில்லையா? முதலில் பொத்தான்களைப் பாருங்கள்

கரண்ட் வருகிறது, டிசி இல்லை, ஆனால் சத்தமும் இல்லை. முகப்பில் "டேப் மானிட்டர்" பொத்தான் அழுந்தியிருக்கிறதா பாருங்கள். அது அழுந்தியிருந்தால் செட் டேப் டெக்கிலிருந்து சத்தம் வரும் என்று காத்திருக்கும். டெக் மாட்டவில்லை, அதனால் மயான அமைதி. இந்த ஒரு பொத்தானால் "ரிப்பேர்" என்று பழைய இரும்புக்குப் போன செட்டுகள் ஏராளம். அடுத்தது, பின்பக்கம் "ப்ரீ அவுட்", "மெயின் இன்" என்று எழுதிய சாக்கெட்டுகள். அவற்றை இணைக்கும் யூ வடிவக் கம்பி தொலைந்திருந்தாலும் சத்தம் வராது. சின்ன ஆர்சிஏ ஒயர் இரண்டைக் குறுக்கே போட்டால் வேலை முடிந்தது.

ஒரு பக்கம் மட்டும் பாடுவது, வால்யூம் திருப்பும்போது கரகரப்பது, பொத்தானைத் தட்டினால் வந்து போவது: இவற்றில் பெரும்பாலானவை அழுக்குதான். வால்யூம் கண்ட்ரோலின் உடம்பில், கால்களுக்கு மேலே சின்னத் திறப்பு இருக்கும். ஸ்பிரேயின் குழாயை அங்கே வைத்து அரை விநாடி அடித்து, குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 30 தடவை திருப்புங்கள். பேலன்ஸ், பாஸ், டிரெபிள், செலக்டர், ஒவ்வொரு பொத்தான் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். காய பதினைந்து நிமிடம் விட்ட பிறகே கரண்ட். ரிலே கான்டாக்ட் கறுத்திருந்தால் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டை நடுவே வைத்து இழுத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய், சீக்கிரமே மறுபடி கறுக்கும்.

இரைச்சலைக் காதால் பிரிக்கலாம். வால்யூம் பூஜ்யத்திலேயே "ம்ம்ம்" என்று கனமாக இரைந்தால் பவர் சப்ளை. ஃபில்டர் கண்டென்சர் சோர்ந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் முழு அலையாக மாறி வருவதால் அது 100 ஹெர்ட்ஸில் கேட்கும். வால்யூம் கூட்டக் கூட்டக் கூடும் இரைச்சல் இன்புட் ஒயரிலோ எர்த் இணைப்பிலோ இருக்கிறது. வேறு ஒயர் போட்டுப் பாருங்கள்.

கண்டென்சர் மாற்ற வேண்டியிருந்தால் வோல்டேஜ் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. எம்எஃப்டி அதே அளவு, அல்லது கொஞ்சம் கூட. 105 டிகிரி என்று போட்டது வாங்குங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடு என்று இணையம் முழுக்கச் சொல்வார்கள். புதிதாகச் சால்டரிங் பிடிப்பவர் நாற்பது கண்டென்சரைக் கழற்றினால் நாலு தடமாவது பெயரும், இரண்டு தலைகீழாகப் போகும். கெட்டதை மட்டும் மாற்றுங்கள், ஒரு சமயத்தில் ஒன்று, மாற்றும் முன் போனில் ஒரு படம்.

போனை இணைக்க: 3.5 மி.மீ. – ஆர்சிஏ ஒயரை "ஆக்ஸ்" அல்லது "டியூனர்" முனையில் மாட்டுங்கள். "போனோ" முனையில் வேண்டாம். அது ரெக்கார்டு பிளேயர் ஊசி தரும் சில மில்லிவோல்ட்டுக்கானது. போனை மாட்டினால் அலறலும் உடைசலும்தான். பிலிப்ஸ் மாதிரிச் செட்டில் ஐந்து துளை டின் (DIN) சாக்கெட் இருந்தால் எண் 2 கிரவுண்ட், 3 இடது, 5 வலது. எண்கள் வரிசையாக இருக்காது; வட்டத்தில் 1, 4, 2, 5, 3 என்று ஓடும்.

ஸ்பீக்கர்

ஃபோம் ஓரம் போட்ட ஸ்பீக்கர் பத்து இருபது வருடத்தில் விரல் பட்டாலே தூளாகும். துணி, ரப்பர் ஓரங்கள் நீடிக்கும். எட்டு ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், நாலு ஓம் 3 முதல் 3.5 வரை. கோனின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். "கர்" என்று உரசினால் காயில் வளைந்திருக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியைப் பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாகத் தொட்டு எடுத்தால் கோன் வெளியே குதிக்க வேண்டும். உள்ளே போனால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராக ஓடினால் பாஸ் காணாமல் போகும்.

மைக் செட் தொழில் இருக்கும் ஊரிலெல்லாம் ஸ்பீக்கர் ரீகோன் செய்பவர் (கோன் மாற்றிப் புதுப்பிப்பவர்) இருப்பார். கை தேர்ந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் பழகியது கோயில் திருவிழாச் சத்தம். சொல்லாமல் விட்டால் ஃபோம் ஓரத்தை எடுத்துவிட்டு, காகித ஓரத்தோடு கனமான புதுக் கோனைப் போட்டுவிடுவார்கள். சத்தம் வரும், குணம் மாறிவிடும். "எட்ஜ் மட்டும் மாத்துங்க, கோனைத் தொடாதீங்க" என்று பெட்டி மேலேயே எழுதிக் கொடுங்கள்.

இரண்டு ஜோடி எட்டு ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்து மாட்டினால் ஆம்ப்ளிஃபயருக்கு நாலு ஓம் ஆகத் தெரியும். பின்பக்கம் குறைந்தது 8 என்று எழுதியிருந்தால் அந்த ஆசை வேண்டாம். காங்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையுமான ஹாலில் சத்தம் எதிரொலித்துக் குழம்பினால், ஸ்பீக்கருக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்துப் பாருங்கள்.

சொந்தமாக ஒன்று: 2030ஏ ஆம்ப்ளிஃபயர்

ஒரு பழைய செட்டை எழுப்பிவிட்டால் கட்டும் ஆசை வரும். கடையில் எடுத்ததும் "4440 போர்டு" நீட்டுவார்கள். 12 வோல்ட்டில் காருக்கென்று செய்த ஐசி அது. ஓடும், ஆனால் அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. டிடிஏ 2030ஏ என்ற ஐசி இரண்டு வாங்கிப் பொதுப் போர்டில் (துளைகள் மட்டும் போட்ட வெற்றுப் போர்டில்) நீங்களே கட்டுங்கள். எட்டு ஓமில் சேனலுக்கு 10 வாட் வரும், ஒரு அறைக்குத் தாராளம்.

டிரான்ஸ்ஃபார்மரில்தான் கொங்குக்காரருக்கு யோகம். மோட்டார், பம்ப் ஊரான கோவையில் வைண்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. இப்படிச் சொல்லிச் சுற்றச் சொல்லுங்கள்: பிரைமரி 0 – 230 – 250, செகண்டரி 12-0-12, 3 ஆம்பியர், இரண்டுக்கும் காப்பர், சுற்றி முடித்ததும் வார்னிஷில் முக்கிக் காயவைத்தது. அலுமினியம் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே செம்புத் தகடு ஒரு சுற்றுப் போடச் சொல்லலாம். மோட்டார் ஓடும் லைனின் கரகரப்பு குறையும். ஆனால் தகட்டின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடக் கூடாது, நடுவே காகிதம் வேண்டும். தொட்டால் அது ஷார்ட் ஆன ஒரு சுற்று, டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். ஸ்டாம்பிங் தகடுகள் இறுக்கமாக இல்லாவிட்டால் "ர்ர்ர்" என்று பெட்டியே பாடும்.

அந்த 250 வோல்ட் முனை எதற்கு? தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) மாலையில் மோட்டார்கள் ஓடும்போது 180-க்கு இறங்கும் லைன், நள்ளிரவில் 250-ஐத் தொடும். 12 வோல்ட் ஏசி ரெக்டிஃபை ஆனால் சுமார் 16 வோல்ட் டிசி. லைன் ஏறி, லோடும் இல்லாதபோது 18-ஐத் தாண்டிவிடும். ஏ இல்லாத வெறும் 2030-இன் எல்லை பிளஸ் மைனஸ் 18 வோல்ட். 2030ஏ 22 வரை தாங்கும். அதனால் ஐசியில் ஏ எழுத்து இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். லைன் எப்போதும் உயர்ந்தே இருக்கும் ஊரில் 250 முனையில் மாட்டுங்கள்.

பவர் சப்ளை: பிரைமரியில் 500 மில்லிஆம்பியர் ஸ்லோ பியூஸ், 1என் 5408 டயோடு நான்கு, 4700 எம்எஃப்டி 35 வோல்ட் இரண்டு. நடு முனை (அந்த 0) இரண்டு கண்டென்சரும் சேரும் இடத்துக்கு வரும். அதுதான் கிரவுண்ட்.

ஒவ்வொரு சேனலுக்கும்: இன்புட்டிலிருந்து 1 எம்எஃப்டி வழியாக 1-ஆம் கால். அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 22 கிலோ ஓம். 4-ஆம் கால் அவுட்புட். அதிலிருந்து 2-ஆம் காலுக்கு 22 கிலோ ஓம். 2-ஆம் காலிலிருந்து 680 ஓம், அதோடு தொடராக 22 எம்எஃப்டி, கிரவுண்டுக்கு. 5-ஆம் கால் பிளஸ், 3-ஆம் கால் மைனஸ். இரண்டு சப்ளைக் காலுக்கும் பக்கத்திலேயே கிரவுண்டுக்கு 0.1 மற்றும் 100 எம்எஃப்டி. அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 ஓமும் 0.22 எம்எஃப்டியும் தொடராக. அவுட்புட்டிலிருந்து பிளஸ்ஸுக்கு ஒரு 1என் 4001, மைனஸுக்கு ஒன்று. இரண்டிலும் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் பார்த்தபடி. இன்புட்டுக்கு முன்னால் 47 கிலோ ஓம் லாக் வகை இரட்டை வால்யூம் கண்ட்ரோல்.

இந்தக் கணக்கில் கெயின் (இன்புட்டைப் பெருக்கும் அளவு) 33 மடங்கு. சத்தம் அதிகம் என்று 680-ஐக் கூட்டிக் கெயினைக் குறைக்காதீர்கள். ஏறக்குறைய 16 மடங்குக்குக் கீழே போனால் இந்த ஐசி தனக்குள் ஆஸிலேட் ஆகத் தொடங்கும், அதாவது இன்புட் இல்லாமலே அதிரும். காதுக்கு ஒன்றும் கேட்காது, ஐசி மட்டும் சும்மா இருக்கும்போதே சுடும். 0.1 எம்எஃப்டி கண்டென்சரை ஐசியிலிருந்து அரை அடி தள்ளி வைத்தாலும் இதே கதை.

எல்லோரும் விழும் பள்ளம் இன்னொன்று: ஐசியின் உலோக முதுகு 3-ஆம் காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்கா தகடும் ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் போடாமல் ஹீட் சிங்க்கில் இறுக்கி, அந்த ஹீட் சிங்க் பெட்டியைத் தொட்டால் மைனஸ் நேரே கிரவுண்டுக்குப் போகும். இறுக்கிய பிறகு முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள், ஓப்பன் காட்ட வேண்டும். இரண்டு ஐசிக்கும் சேர்த்து 10 × 15 செ.மீ. செதில் போட்ட அலுமினியம் போதும். கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் வைப்பதானால் இன்னும் கொஞ்சம் பெரிதாக.

கிரவுண்ட் ஒயர்கள் எல்லாம் ஒரே புள்ளிக்கு, இரண்டு கண்டென்சரின் நடுவுக்கு, தனித்தனியாக வர வேண்டும். ஸ்பீக்கர் திரும்பும் ஒயரையும் இன்புட் கிரவுண்டையும் ஒரே ஒயரில் கொண்டுவந்தால் இரைச்சல் நிச்சயம். டிரான்ஸ்ஃபார்மரை இன்புட்டிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, பெட்டியில் ஸ்குரூ இறுக்குவதற்கு முன் செட்டை ஓடவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். இரைச்சல் மிகக் குறையும் ஒரு கோணம் இருக்கும், அங்கேயே துளை போடுங்கள். அப்போது பிரைமரி இணைப்புகளில் ஸ்லீவ் போட்டு மூடியிருக்க வேண்டும். இரும்புப் பெட்டியானால் மூன்று முள் பிளக், எர்த் ஒயர் பெட்டியில் ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்க வேண்டும்.

முதல் கரண்ட் இதற்கும் 60 வாட் சீரிஸ் பல்பு வழியாகத்தான், ஸ்பீக்கர் இல்லாமல். ஐசி மாட்டுவதற்கு முன்பே சப்ளையை மட்டும் அளந்து, பிளஸ்ஸும் மைனஸும் ஒரே அளவில் இருக்கின்றனவா பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டயோடுகளின் திசையையும் சால்டரிங்கையும் சரிபாருங்கள். ஐசி போட்ட பின் அவுட்புட்டில் 20 மில்லிவோல்ட்டைச் சுற்றி வரும். சப்ளை வோல்டேஜே அப்படியே அவுட்புட்டில் நின்றால், முதலில் 2-ஆம் காலின் 22 கிலோ ஓம் சால்டரிங்கைப் பாருங்கள். அந்த ஒரு முனை ஒட்டாமல் இருந்தாலே இப்படிக் காட்டும்.

பெட்டியில் போடும் காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாகக் கொசுவலை ஒட்டிவிடுங்கள். பல்லிக்கு டிரான்ஸ்ஃபார்மர் சூடு ரொம்பப் பிடிக்கும்.